சுண்டெலி குட்டி போட்டுவிட்டது, கூண்டைக் கழுவலாமா?

வளர்ப்புச் சுண்டெலி நேற்றிரவு குட்டி போட்டுவிட்டது, ஆணும் அதே கூண்டில்தான் இருக்கிறது, கூண்டைக் கழுவலாமா, குட்டிகளைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழுவுவதெல்லாம் பிறகு. முதலில் ஆணை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே பெண் மறுபடி சினைப்பட்டுவிடும். சினைக்காலமோ மூன்றே வாரம். இது தெரியாத காலத்தில் என் கூண்டில் முதலில் ஒன்பது குட்டிகள். ஒரு மாதம் முடிவதற்குள் இன்னும் எட்டு. தாய் எலும்பும் தோலுமாகிப் போனது.

ஆணை எடுத்த பிறகு உங்களுக்கு வேலை அதிகமில்லை. சும்மா இருப்பதுதான் கடினம். முதல் வாரம் கூண்டைக் கழுவாதீர்கள். நனைந்த இடத்தை மட்டும் அள்ளிப் போடுங்கள். தன் வாடை போய்விட்டால் தாய் மிரளும். மிரண்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடவும் கூடும். தொட்டே ஆகவேண்டுமென்றால், தாய் கூட்டைவிட்டு வெளியே வந்திருக்கும்போது, கூண்டுக்குள் கிடக்கும் விரிப்பில் கையைத் தேய்த்துக்கொண்டு தொடுங்கள்.

பால் குடிக்கின்றனவா என்று அறியத் தூக்க வேண்டியதில்லை. மயிரில்லாத அந்த மெல்லிய தோல் வழியே, வயிற்றின் இடப்பக்கம் பால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஏதோ நோய் என்று நான் பதறியது தனிக்கதை.

கூடு கட்ட மணமில்லாத டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை குட்டிகளின் காலில் சுற்றிக்கொள்ளும். தாய்க்கு வழக்கமான தீனியோடு வேகவைத்த முட்டை கொஞ்சம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கம்பிகளின் இடைவெளியையும் பாருங்கள். சுண்டுவிரல் நுழைந்தால் குட்டியும் நுழையும்.

சுமார் 14ஆம் நாள் கண் திறக்கும். அதன்பின் சில நாள் சட்டியில் பொரி வெடிப்பதுபோல் துள்ளும். மூடியைத் திறக்கும்போது கவனம். 21ஆம் நாள் வாக்கில் பால் மறக்கும். நான்கு வாரம் முடிவதற்குள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெண்களிடமிருந்தும் பிரித்துவிடுங்கள், ஐந்தாறு வாரத்தில் அவையும் இனம்பெருக்கத் தயாராகிவிடும். பிரித்தறிய நல்ல நேரம் பத்தாம் நாளையொட்டி: பெண்ணுக்கு வயிற்றில் முலைக்காம்புகள் வரிசையாகத் தெரியும், ஆணுக்குத் தெரியாது. மயிர் அடர்ந்துவிட்டால் பார்ப்பது சிரமம். நான் தாமதித்தேன். ராணி என்று பெயர் வைத்துப் பெண்களோடு விட்டிருந்த குட்டி ஆண் என்பது ஆறாவது வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.