வெடிகுண்டு செயலிழப்பு அதிகாரி ஆவதற்கு எது வழி?

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ராணுவத்தில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் அதிகாரியாக விரும்புகிறேன். அந்தப் பணிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா? என்ன தகுதி வேண்டும்? ஓய்வுக்குப் பிறகு இந்த அனுபவம் பயன்படுமா?

பதில்: பெரும்பாலான ராணுவங்களில் முதலில் நீங்கள் அதிகாரியாகத் தேர்வு பெற்றுப் பொதுவான ராணுவப் பயிற்சியை முடிக்க வேண்டும், அதன்பின் வெடிமருந்துப் பொறுப்பைக் கவனிக்கும் பிரிவிலோ பொறியாளர் பிரிவிலோ சேர்ந்து, அங்கிருந்துதான் சிறப்புப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவீர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் வெடிமருந்துத் தொழில்நுட்ப அதிகாரிக்கான பயிற்சி ஓராண்டுக்கும் மேல் நீள்கிறது. அமெரிக்காவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் வருவோர் ஃப்ளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் கடற்படை நடத்தும் ஒரே பள்ளியில் பயில்கிறார்கள். மின்னணுவியலும் வேதியியலும் தெரிந்திருந்தால் பாடங்கள் எளிதாகும். ஆனால் தேர்வாளர்கள் பட்டத்தைவிட உங்கள் நிதானத்தையே அதிகம் பார்ப்பார்கள்.

அந்த நிதானம் ஏன் தேவை என்பதற்கு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய ஓர் உத்தியே போதும். குண்டை வெடிக்கச் செய்யும் கருவியான ஃபியூஸ் வெளியே தெரியும்; அதை உருவி எடுத்தால் வெடிக்கும்படி, அதன் அடியில் இன்னொரு பொறியை வைத்தார்கள். அதாவது குண்டைச் செய்தவன், அதைச் செயலிழக்க வைக்க வருபவரையும் சேர்த்தே குறிவைக்கிறான். ஆகவே சம்பவ இடத்துக்கு வரும் அதிகாரி குண்டின் அருகே ஓடுவதில்லை. மக்களை அப்புறப்படுத்தச் சொல்லி, பார்த்தவர்களிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு, இரண்டாவது குண்டு எங்கே இருக்கக்கூடும் என்று முதலில் தாம் நிற்கும் இடத்தையே சோதிக்கிறார். பிறகு ரோபோவை அனுப்புகிறார். 1972இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் பீட்டர் மில்லர், மின்சாரத் தள்ளுவண்டி ஒன்றின் அடிச்சட்டத்தைக் கொண்டு உருவாக்கிய 'வீல்பேரோ'தான் இவ்வகை ரோபோக்களின் முன்னோடி. அதில் பொருத்திய குழாயிலிருந்து பெரும் வேகத்தில் பாயும் நீர், மின்சுற்று இயங்குவதற்குள் குண்டைச் சிதறடித்துவிடும். ரோபோ போக முடியாத இடத்துக்கு மட்டுமே, ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ள கவச உடையை அணிந்து, அதிகாரி தனியாக நடக்கிறார். நுண்ணிய வேலைக்கு விரல்கள் வேண்டும் என்பதால் அப்போதும் கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

இந்தக் காட்சியை மட்டும் நம்பி இத்துறைக்கு வர வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். பணிக்காலத்தின் பெரும்பகுதி வெடிமருந்துக் கிடங்குகளைச் சோதிப்பதிலும், காலாவதியான குண்டுகளைப் பாதுகாப்பாக அழிப்பதிலும், விபத்துகளை விசாரிப்பதிலும், அறிக்கை எழுதுவதிலும் கழியும். அவற்றைச் சலிப்பில்லாமல் செய்பவரே களத்திலும் நம்பத்தக்கவர்.

ஓய்வுக்குப் பிறகும் தேவை குறைவதில்லை. 1988இல் தொடங்கிய ஹாலோ டிரஸ்ட் போன்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் முன்னாள் ராணுவத்தினரைப் பணியமர்த்துகின்றன. கண்ணிவெடி அகற்றலுக்கான சர்வதேசத் தரவிதிகள் வெடிபொருள் நிபுணர்களின் தகுதியைப் படிநிலைகளாக வகுத்திருப்பதால், ராணுவத்தில் பெற்ற சான்றிதழ்களையும் செய்த பணிகளின் பதிவுகளையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் கண் மருத்துவரிடம் நிறப் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் பல படைகளில் இப்பணி கிடைக்காது. நெருக்கமான இடங்களில் உங்களுக்கு மூச்சுமுட்டும் அச்சம் உண்டா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டாரிடமும் பணியின் தன்மையை மறைக்காமல் பேசிவிடுங்கள். நள்ளிரவு அழைப்புகளின் பாரத்தை உங்களோடு சேர்ந்து சுமக்கப் போகிறவர்கள் அவர்கள்.