உள்ளாட்சி கார்பன் வரி: கேள்வி பதில்

கரியமில வாயுவுக்கு உள்ளாட்சிகளே வரி போடுவது பற்றி கிருஷ்ணகிரி, தருமபுரி என்னும் நம் இரு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை.

ஓசூர், பட்டறை உரிமையாளர்: ஐயா, மாநகராட்சி நாளைக்கே எங்கள் புகைக்கு வரி கேட்க முடியுமா?

முடியாது. மாநிலச் சட்டம் அனுமதித்த வரிகளை மட்டுமே நகர உள்ளாட்சிகள் விதிக்கலாம். சொத்து வரி உண்டு, தொழில் வரி உண்டு. கார்பன் வரி இல்லை.

பர்கூர், கல்லூரி மாணவி: உலகில் எந்த ஊராவது போட்டிருக்கிறதா?

போட்டிருக்கிறது, அம்மா. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்னும் நகரம். 2006 நவம்பரில் மக்களே வாக்களித்து ஏற்றார்கள். 2007 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. புகைபோக்கிகளில் கருவி வைத்து அளக்கவில்லை. மின் மீட்டர் காட்டும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று மின் நிறுவனமே பில்லோடு வசூலித்தது. 2009இல் உயர்த்திய பிறகும் வீடுகளுக்கு யூனிட்டுக்கு அரை சென்ட்டுக்கும் சற்றுக் குறைவுதான். காற்றாலை மின்சாரம் வாங்கியவர்களுக்கு அந்தப் பங்குக்கு விலக்கு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இந்த விலக்குதான்.

அதே அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மாண்ட்கோமரி கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) 2010இல் வேறு வழியில் போனது. ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியிடுவோர் டன்னுக்கு 5 டாலர் கட்ட வேண்டும் என்றது. சிக்கியது ஒரே ஒரு அனல்மின் நிலையம். வழக்கு வந்தது, வரி போனது. ஊரே பொறுப்பேற்காமல் ஒருவர் தலையில் மட்டும் கட்டினால் அப்படித்தான் ஆகும்.

பென்னாகரம், இல்லத்தரசி: இலவச 100 யூனிட்டுக்குள் குடும்பம் நடத்துகிறோம். எங்களுக்குமா வரி?

கூடாது, அம்மா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் உங்கள் அட்டையில் 90, 95 என்று எழுதிப் போகிறார் அல்லவா? அந்த எண்ணே உங்களுக்குச் சாட்சி. 100 யூனிட் வரை தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இப்படி ஒரு வரி நமக்குப் புதிதும் அல்ல. நிலக்கரி மீது 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய மத்திய அரசின் வரி, 2016இல் 400 ரூபாய் ஆனது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்று வைத்தால், அது யூனிட்டுக்கு 28 காசு. அனல்மின்சாரத்தின் அடக்கவிலையில் அதுவும் சேர்ந்தே இருந்தது. பெயர்தான் நம் பில்லில் தெரியவில்லை.

போச்சம்பள்ளி, மாங்கூழ் ஆலை ஊழியர்: எங்கள் கொதிகலனுக்கு விறகுதான். விறகுக்கும் கணக்கு உண்டா?

மரம் திரும்ப வளர்ந்தால் விறகின் கார்பனைக் கழித்துவிடுவது வழக்கம். ஆனால் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். சீமைக்கருவேலம் வெட்டிய இடத்திலேயே சில ஆண்டுகளில் தழைத்துவிடும். சாலையோரப் புளியமரத்தை வெட்டினால் அந்த நிழல் நம் ஆயுளில் திரும்பாது. உங்கள் ஆலைக்கு வரும் லாரியில் எந்த விறகு இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், தம்பி.