யானை வந்த இரவுக்குப் பிறகு பேசாத குழந்தை: பிளே தெரபிக்குப் பணம் கட்டலாமா?

நீலகிரியில் பந்தலூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: ‘என் மகளுக்கு 6 வயது. போன மாதம் நடுராத்திரியில் யானை எங்கள் எஸ்டேட் லயன் வீட்டுச் சமையல்கட்டுச் சுவரை இடித்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் அழுகிறாள். ஆனால் பொம்மைகளை அடுக்கி அடுக்கி இடித்துத் தள்ளுகிறாள். பள்ளி வழியாக வந்த ஒருவர், பிளே தெரபி, அதாவது விளையாட்டு வழியே மனதை ஆற்றும் சிகிச்சை, 12 வகுப்பு, 18,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறார். கட்டலாமா?’

கட்டாதீர்கள். அந்த விளையாட்டையும் தடுக்காதீர்கள். ‘மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது’ என்று கோர்வையாகச் சொல்ல 6 வயதில் வாய்க்கு வராது, கைக்கு வரும்.

லீவு நாளில் அரைமணி நேரம், போனை அணைத்துவிட்டு அவளோடு தரையில் உட்காருங்கள். வீடாக ஓர் அட்டைப்பெட்டி, சின்ன மனித பொம்மைகள், ஒரு யானை, கொஞ்சம் களிமண் போதும். விளையாட்டை அவளே நடத்தட்டும். நீங்கள் பார்ப்பதை மட்டும் சொல்லுங்கள்: ‘யானை வந்துடுச்சு. சுவர் விழுந்துடுச்சு. பாப்பா கட்டிலுக்கு அடியில போயிட்டா.’ ஏன், எதற்கு என்று கேட்க வேண்டாம். ‘யானை ஒன்னும் பண்ணாது’ என்று திருத்தவும் வேண்டாம். உங்களை அடிக்க வந்தால், ‘அம்மாவை அடிக்கக் கூடாது, தலையணையை அடிக்கலாம்’, அவ்வளவுதான். 1960-களில் அமெரிக்காவில் பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி தம்பதி இந்த முறையைப் பெற்றோருக்கே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். உங்களாலும் முடியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விளையாட்டு மாறுகிறதா? 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு 7 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். மூன்று வாரம் பொம்மைக் காரை மண்ணில் புதைத்துக்கொண்டே இருந்தான். நான்காம் வாரம் ஒரு ஸ்பூனைக் கேட்டு வாங்கி, காரைத் தோண்டி எடுத்துத் துடைத்தான். அது ஆறுகிற விளையாட்டு. ஆறாததும் உண்டு. 1976-இல் கலிஃபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள். உயிரோடு திரும்பிய அவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், சிலர் அதே காட்சியை ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பத் திரும்ப ஆடியதையும், ஆடியும் பயம் குறையாததையும் கண்டார். உங்கள் மகள் நாலைந்து வாரம் கழித்தும், முகம் இறுகி, அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடித்தால், யாரும் தப்பிக்காமலும் சுவரைத் திரும்பக் கட்டாமலும் இருந்தால், வீட்டில் காத்திருக்க வேண்டாம். தூக்கம் கெட்டாலும், உங்களிடமே பேசாமல் போனாலும் அப்படித்தான்.

அப்போதும் அந்த ஆளிடம் போகாதீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழை மாட்டிக்கொண்டு, பள்ளிகளுக்குக் கமிஷன் கொடுத்துப் பிள்ளை பிடிப்பவர்கள் மலையில் பெருகிவிட்டார்கள். கறுப்புக் கலர் அடித்தால் மனநோய் என்பார்கள். விரல் ரேகை பார்த்துக் குணம் சொல்வார்கள். இரண்டுக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (RCI) பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையானவர் கோபிக்க மாட்டார். 12 தடவை என்று குழந்தையைப் பார்க்கும் முன்பே எப்படி முடிவு செய்தார் என்றும் கேளுங்கள்.

மனநலச் சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோக, மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் வந்தது. இன்றும் உங்கள் பக்கத்துக் கூடலூர்க்காரர் பலர் குழந்தையோடு ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலையேற வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலி போகும், டாக்டர் லீவு என்றால் இரண்டாம் நாளும் போகும். எத்தனை மனு எழுதியும் பயனில்லை என்பதால்தான் இந்த ஆட்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. எனவே பஸ் ஏறும் முன் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பார்த்த விளையாட்டைத் தேதியோடு நோட்டில் எழுதிவைத்து அதையே வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், அந்தச் சமையல்கட்டுச் சுவரைக் கட்டும்போது அவளையும் கூட நிறுத்தி, இரண்டு கல் எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள்.