மட்டமாக்காத பிளேடு: காசு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஹங்வெல்லையில் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் காணியில், வீட்டைச் சுற்றிப் புல்தரை போட ஆசைப்பட்டேன். மேடும் பள்ளமுமான நிலம், நடுநடுவே கபுக் என்ற கெட்டியான செந்நிறக் கல்மண். என்னிடம் பழைய ஜப்பான் மினி ட்ரக்டர் ஒன்று இருக்கிறது. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடைக்கு நிலத்தின் படங்களையும் ட்ரக்டரின் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, புல் போட நிலத்தை மட்டமாக்க எதைப் பூட்டலாம் என்று கேட்டேன். "பின் பிளேடு ஒன்று போதும்" என்றார்கள், அதாவது ட்ரக்டரின் பின்னால் பூட்டி மண்ணைத் தள்ளும் தகடு. 185,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது மேட்டை வெட்டுவதில்லை, மேலே ஏறி இறங்குகிறது. கடைக்காரரோ, "பிளேடில் ஒரு பழுதும் இல்லை, விற்ற பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லிலேயே இருக்கிறது" என்கிறார். வாங்கி ஏழு வாரமாகிறது. ஊரில் ஒரு வெல்டிங் பாஸ் அதற்குப் பல் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், தெஹிவளை

பதில்: முதலில் வெல்டிங் பாஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பிளேடில் ஓர் ஓட்டை போட்டாலும் அது உங்களுடைய பொருள்தான் என்று நீங்களே ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு பொருளை நிராகரித்து முழுக் காசையும் கேட்கும் வழி அடைபட்டு, நட்டஈடு கேட்கும் வழி மட்டுமே மிஞ்சும்.

கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. பிளேடில் பழுதில்லை. பாதை ஓரத்தில் கொட்டிய மண்ணைத் தள்ளவோ கிரவல் பரப்பவோ அது நன்றாகவே உதவும். ஆகவே "தரமில்லாத பொருள்" என்று சண்டைக்குப் போனால் தோற்றுப்போவீர்கள். உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். இன்ன தேவைக்கு என்று வாங்குபவர் தெரியப்படுத்தி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்த வகைப் பொருளை விற்பதே விற்பவரின் தொழிலாகவும் இருந்தால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவு பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை யாரும் எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும்.

அதே பிரிவில் ஒரு பொறியும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வர்த்தகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. "இன்ன கம்பெனியின் இன்ன மொடல் பிளேடு தாருங்கள்" என்று நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் வழக்கு இந்த இடத்திலேயே படுத்துவிடும். நீங்கள் அனுப்பியது நிலத்தின் படமும் ஒரு கேள்வியும். பொருளைத் தெரிவு செய்தது கடை. அந்த உரையாடலைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இத்தகைய செய்திகளைச் சான்றாக முன்வைக்கலாம். சிங்கள எழுத்து, தமிழ், குரல் பதிவு என்று எல்லாம் கலந்திருந்தால், நீதிமன்றத்துக்குப் போகும்போது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்ற வேண்டிவரும். அது ஒரு செலவுதான்.

பிளேடு ஏன் பொருந்தாது என்பதையும் காட்ட வேண்டும். இது கஷ்டமில்லை. மினி ட்ரக்டர் நீளம் குறைந்தது. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னால் இருக்கும் பிளேடு கீழே இறங்கித் தோண்டும். பின் சக்கரம் ஏறும்போது பிளேடு அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். பழைய மேடுபள்ளத்தோடு புதிதும் சேரும். போதாததற்கு, பல் இல்லாத பிளேடு கபுக்கைக் கீறாமல் வழுக்கிப் போகும். நிலத்தின் குறுக்கே இரண்டு கட்டைகளை நட்டு, நூல் கட்டி, நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்துப் படம் எடுங்கள். ட்ரக்டர் ஓடும்போது ஒரு வீடியோவும் எடுங்கள். சான்றுக்காக ஒருமுறை ஓட்டினால் போதும், தொடர்ந்து பாவிக்க வேண்டாம்.

பில்லில் உள்ள "திருப்பி எடுக்கமாட்டோம்" என்ற வாசகத்துக்கு வருவோம். இத்தகைய நிபந்தனைகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் காசு கட்டி முடிந்தபின் கையில் வந்த தாளில் அச்சடித்திருந்த வரியை, பேசி ஒத்துக்கொண்ட நிபந்தனையாகக் கொள்ள முடியாது என்று வாதாடலாம். பலமான வாதம், ஆனால் முடிந்த முடிவல்ல.

இந்த வாரமே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேவையைச் சொன்னது, கடை பரிந்துரைத்தது, பொருந்தாதது, ஆகவே பிளேடை நிராகரிப்பது, குறித்த திகதிக்குள் காசைத் திருப்பித் தர வேண்டும் என்பது, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். வசவு வேண்டாம். ஏழு வாரம் ஆகிவிட்டதால் "நியாயமான காலம் தாண்டிவிட்டது" என்ற வாதம் வரலாம். நீங்கள் இதற்கு முன்பே வட்ஸ்அப்பில் முறையிட்டிருந்தால் அந்தத் திகதியைக் கடிதத்தில் போடுங்கள். லொறி பிடித்துப் பிளேடைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடத் தேவையில்லை. நிராகரிக்கிறேன் என்று அறிவித்தால் போதும், எடுத்துப்போவது அவர்கள் பாடு.

கடை அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விசாரித்தபின் பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பவோ, நட்டஈடு தரவோ கட்டளையிட அதிகார சபையால் முடியும். நுகர்வோரைத் திசைதிருப்பும் நடத்தையை அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. விவரம் கேட்க 1977ஐ அழைக்கலாம்.

வழக்கு என்பது கடைசி வழி. இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழோடுதான் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும். புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டால், கடைக்காரர் மாற்றுப் பொருள் தர முன்வந்தால் பேசிப் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

அப்படி மாற்றுவதானால் இந்த முறை படத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் பொறியியலாளர் அல்ல. ஆனாலும் இத்தகைய நிலத்துக்கு பொக்ஸ் பிளேடைத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள். முன்னாலுள்ள பல் மண்ணைக் கீறும். இரு பக்கத் தகடுகளும் மண்ணைப் பிடித்து இழுத்துப்போய்ப் பள்ளத்தில் விடும். ரொட்டவேற்றர் மண்ணைப் பொடியாக்குமே தவிர மட்டமாக்காது. பெரிய மேடுகளுக்கு ஒரு நாள் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வாடகைக்குப் பிடிப்பது மலிவாகவும் முடியலாம். எதை எடுத்தாலும் அகலம் பின் சக்கரங்களை மூட வேண்டும், ட்ரக்டரின் பலத்துக்கும் பூட்டும் ஊசியின் (pin) அளவுக்கும் பொருந்த வேண்டும். காசு கொடுக்கும் முன் ட்ரக்டரின் மொடலையும் குதிரை வலுவையும் எழுதி, "கபுக் உள்ள நிலத்தைப் புல்தரைக்கு மட்டமாக்க" என்ற வரியைப் பில்லில் சேர்த்துக் கடையின் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.