‘உலகிலேயே வேகமாக வளரும் சபை’ என்று சொல்லிக் காணிக்கை கேட்டால்

கேள்வி: வெளிநாடுகளில் சபை நடும் ஒரு மிஷன் அமைப்புக்கு மாதக் காணிக்கை அனுப்பலாமா என்று வீட்டில் பேசி வருகிறோம். ‘உலகிலேயே மிக வேகமாக வளரும் சபைப்பிரிவு எங்களுடையது, ஆண்டுக்கு 20 சதவீத வளர்ச்சி’ என்று அவர்களுடைய துண்டறிக்கை சொல்கிறது. இன்னொரு சபைப்பிரிவின் மிஷனும் இதையேதான் சொல்கிறது. உண்மையில் எது வேகமாக வளர்கிறது? எதை நம்பி அனுப்புவது?

பதில்: அந்த 20 சதவீதத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். எந்தச் சபைப்பிரிவாக இருந்தாலும் சரி.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்கு, பத்து ஆண்டுகளில் ஆறு மடங்கு, முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு. இன்று ஒரு லட்சம் பேர் இருந்தால் அன்றைக்குப் பத்துக் கோடி. தொடங்கிய புதிதில் எந்தச் சபையும் இப்படி வளரலாம். ஐம்பது பேர் அறுபது பேரானாலே 20 சதவீதம் வந்துவிடும். அந்த வேகம் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதைத் துண்டறிக்கை சொல்லாது.

சரி, எது வளர்கிறது என்று கேட்டீர்கள். கடந்த நூறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் (தத்தம் சபையில் இருந்தபடியே பெந்தெகொஸ்தே பாணியில் ஆவியின் வரங்களை நாடுபவர்கள்) வழிதான் மிகப் பெரிதாக வளர்ந்தது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களைத்தான் பொதுவாக அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் 2011ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பெந்தெகொஸ்தே சபையார் சுமார் 27.9 கோடி, கரிஸ்மாட்டிக் விசுவாசிகள் சுமார் 30.5 கோடி. சேர்த்தால் உலகக் கிறிஸ்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல். ஆனால் இது ஒரு சபைப்பிரிவு கிடையாது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான சபைகள் இதில் அடக்கம். கரிஸ்மாட்டிக் விசுவாசிகளில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரர் எல்லோரும் உண்டு. தத்தம் திருச்சபைக் கணக்கிலும் அவர்கள் இருக்கிறார்கள். இந்த 58 கோடியைக் காட்டி ‘நம்முடைய சபை’ என்று ஒரு மிஷன் பேசினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

அடுத்தது இடம். 1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் ஒன்றரை சதவீதம்கூட சஹாராவுக்குத் தெற்கே இல்லை. 2020இல் 30 சதவீதத்துக்கும் மேல். அங்கே பலர் புதிதாகக் கிறிஸ்தவர்களானார்கள், பிறப்பு விகிதமும் அதிகம், அதனால் கிட்டத்தட்ட எல்லாச் சபைகளும் வளர்கின்றன. எத்தியோப்பியாவின் மெகானே யேசுஸ் லுத்தரன் திருச்சபை 1959இல் அமைந்தபோது சுமார் 20,000 பேர். இப்போது ஒரு கோடிக்கும் மேல். ஐரோப்பாவிலோ அதே லுத்தரன் சபைகள் சுருங்கி வருகின்றன. ஆகவே ‘எங்கள் சபைப்பிரிவு வளர்கிறது’ என்பதற்கு ‘நாங்கள் இருக்கும் நாட்டில் குழந்தைகள் அதிகம் பிறக்கிறார்கள்’ என்பதுதான் பல நேரம் பொருள். அதில் தவறில்லை. ஆனால் அதை மிஷன் பணியின் பலன் என்று சொல்லிக் காணிக்கை கேட்பது தவறு.

இப்போது நான் உங்களை முக்கியமாக எச்சரிக்க விரும்பும் விஷயம்: தூக்கிய கைகள். ஒரு நற்செய்திக் கூட்டத்தில் ‘ஆண்டவரை ஏற்றுக்கொள்பவர்கள் கையைத் தூக்குங்கள்’ என்று அழைப்பு விடுப்பார்கள். தூக்கிய கைகளை எண்ணி ‘இரட்சிக்கப்பட்டோர்’ என்று எழுதுவார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே ஆள் கையைத் தூக்குவார், திரும்பவும் எண்ணப்படுவார். ஞானஸ்நானம் எடுத்தார்களா, மூன்று மாதம் கழித்து ஆராதனைக்கு வந்தார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கொடுப்பவருக்கும் ஊழியருக்கும் நடுவில் நிதி திரட்டும் ஆட்கள் புகுந்துவிட்டால் இது இன்னும் மோசமாகும். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் அவர்களுக்குப் பணம் வரும், அதனால் கீழே இருக்கும் ஊழியரிடம் அவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். ஒரே சிறு சபையின் புகைப்படத்தை மூன்று அமைப்புகளின் அறிக்கையில், மூன்று தனித்தனி ‘புதிய சபை’யாக நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊழியர் பாவம், மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் உதவி வாங்கியிருந்தார். ஒவ்வோர் அமைப்பும் அந்தச் சபையைத் தான் நட்டதாகவே எழுதிக்கொண்டது.

பெரிய சபைகளின் கணக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. மோர்மன் திருச்சபை 1830இல் ஆறு பேரோடு பதிவானது. 1980களில் அதன் வேகத்தைப் பார்த்த சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க், அதே வேகம் தொடர்ந்தால் 2080இல் 26 கோடியைத் தாண்டலாம் என்று கணித்தார். இன்று அவர்கள் சொல்லும் எண்ணிக்கையே 2 கோடிக்குள்தான். வேகமும் மிகவும் குறைந்துவிட்டது. பிரேசிலில் 2010இல் அவர்களுடைய பதிவேட்டில் 11 லட்சம் பேர் இருந்தார்கள். அதே ஆண்டு அரசு கணக்கெடுப்பில் தங்களை மோர்மன் என்று சொன்னவர்கள் 2,26,509 பேர். பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, ஆள் சபையில் இல்லை, அவ்வளவுதான். யெகோவாவின் சாட்சிகள் இதற்கு நேரெதிர்: ஊழியத்துக்குப் போனதாக மாதா மாதம் தெரிவிப்பவரை மட்டுமே எண்ணுகிறார்கள், அதனால்தான் அவர்கள் எண்ணிக்கை 90 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘எது வேகம்’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இதில்தான் எனக்குப் பொறுமை போகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் கணக்கில் திருமுழுக்குப் பெற்றவர்கள் 2.6 கோடி, வாராவாரம் ஆலயத்துக்கு வருபவர்கள் 10 லட்சம்கூட இல்லை. உலக ஆங்கிலிக்க ஐக்கியத்தின் கூட்டுத்தொகையில் ஏறுவது அந்தப் பெரிய எண். ஜெர்மனியில் உறுப்பினர்களிடம் அரசே திருச்சபை வரி வசூலிப்பதால் விலகுபவர் அரசிடம் பதிந்தாக வேண்டும். அதனால்தான் 2022இல் 5.2 லட்சம் கத்தோலிக்கர் வெளியேறினார்கள் என்று நமக்குத் தெரிகிறது. வேறு பெரும்பாலான நாடுகளில் விலகியவரை எண்ண ஏற்பாடே இல்லை. சேர்ந்தவரை எண்ணுவதற்கு ஆளும் படிவமும் ஆண்டுக்கூட்டமும் இருக்கும்போது, போனவரை எண்ண ஏன் ஒன்றும் இல்லை? கேட்டால் ‘அது மனதைச் சோர்வடையச் செய்யும்’ என்கிறார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். 1965க்குப் பிறகு தங்களிடம் சேர்ந்தவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு விலகிவிட்டதாக அவர்களே கணக்கெடுத்து வெளியே சொன்னார்கள்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துண்டறிக்கை மொழிக்கு அது நேர் எதிரானது. வட அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள். கார் ஓட்டாமல், குதிரை வண்டியில் போகும் கிறிஸ்தவர்கள். அவர்கள் நற்செய்திக் கூட்டம் போடுவதில்லை, வெளியாரைச் சேர்க்க முயல்வதும் இல்லை. 2000இல் சுமார் 1.8 லட்சம் பேர் இருந்தார்கள், இப்போது 4 லட்சம். அதாவது இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இரண்டு மடங்கு. ஒரு குடும்பத்தில் ஆறேழு குழந்தைகள், அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்து, சுயமாக முடிவெடுக்கும் வயதில் ஞானஸ்நானம் எடுத்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இந்த ‘தங்கிவிடுகிறார்கள்’ என்பதைக் கவனியுங்கள். இத்தனைக்கும் இந்த வளர்ச்சி ஆண்டுக்கு மூன்றரை சதவீதத்துக்குள்தான். பெரிய குடும்பங்களோடு, பிள்ளைகள் விலகாமல் இருந்தே இவ்வளவுதான் வருகிறது என்றால், 20 சதவீதம் சொல்பவரிடம் எத்தனை கேள்வி கேட்க வேண்டும் என்று யோசியுங்கள்.

அதனால் இரண்டு மிஷன்களுக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். ஒரு நாட்டை, ஒரு பகுதியைக் குறிப்பிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்றும் ஆராதனைக்கு வருபவர்கள் எத்தனை பேர், இதை எண்ணியது யார் என்று கேளுங்கள். அந்தச் சபைக்கு வேறு அமைப்புகளும் உதவுகின்றனவா என்பதையும் கேளுங்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கின் நகலும் வேண்டும் என்று எழுதுங்கள். நடுவில் இருக்கும் ஆளுக்கு எவ்வளவு போகிறது என்பது அதில்தான் தெரியும். ‘நூறு பேர் வந்தார்கள், நாற்பது பேர் இருக்கிறார்கள்’ என்று ஒரு மிஷன் பதில் எழுதினால், என் பணமாக இருந்தால் நான் அவர்களுக்குத்தான் அனுப்புவேன். பதிலுக்குப் பதிலாக இன்னொரு வண்ணத் துண்டறிக்கை வந்தால் அனுப்பமாட்டேன்.