பத்தாம் வகுப்பு மகன் எந்நேரமும் படிக்கிறான், கணக்கில் மட்டும் மார்க் ஏறவில்லை. பெற்றோர் எப்படி உதவலாம்?

பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான்: கைடில் போட்டிருக்கும் கணக்கைப் பார்த்துப் ‘படிக்கிறான்’. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். கைடை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, வெற்றுத்தாளில் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. எந்த வரியில் பேனா நிற்கிறது என்று பார்த்து அங்கே கோடு போட்டால் போதும். அதே கணக்கை 3 நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை கேளுங்கள்.

மாநிலப் பாடத்திட்ட வினாத்தாளில் வடிவியல் வரைபடம் 8, கிராஃப் 8, ஆக 16 மதிப்பெண். தினம் ஒன்று வரைந்தாலே கை பழகிவிடும். உதவிப்படம் (வரைவதற்கு முன் போடும் ரஃப் படம்) போடாதது, கிராஃபில் அளவுத்திட்டம் எழுத மறப்பது, மொட்டைப் பென்சில் இவற்றில்தான் மார்க் போகிறது.

ஞாயிறுதோறும் பழைய வினாத்தாள் ஒன்று, மூன்று மணி நேரம், இடையில் எழாமல். போன் வேறு அறையில் இருக்கட்டும் (உங்களுடையதும்தான்). திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைப் பேச வேண்டாம். தெரியாமல் விட்டது எது, நேரமில்லாமல் விட்டது எது என்று மட்டும் பிரியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.