நாய்க்குத் தெள்ளுப்பூச்சி: கற்பூர எண்ணெய் தடவலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு இரண்டு வயது. ஒரு மாதமாக வாலடியைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. ரோமத்துக்குள் சிறு பூச்சிகள் ஓடுகின்றன. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவு, சோற்றில் பூண்டு கலந்து கொடு என்கிறார்கள். வீட்டு வைத்தியத்திலேயே சரியாகுமா?

பதில்: கற்பூர எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாய் உடம்பை நக்கும். தோல் வழியாகவும் கற்பூரம் உள்ளே இறங்கும். வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோய் விட்டுவிடும். பூண்டு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூச்சி ஏற்கெனவே ரத்தம் குடித்துக்கொண்டிருக்க, நாமும் சேர்ந்து குறைக்கக் கூடாது.

ஓடுவது தெள்ளுதானா என்று பாருங்கள். உண்ணி ஒரே இடத்தில் கடித்துத் தொங்கும். தெள்ளு ஓடும், தாவும். வாலடியில் இருக்கும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம். அதாவது, உங்கள் நாயின் ரத்தம்.

நான் நம்பும் வீட்டு வைத்தியம் பேன் சீப்புதான். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வையுங்கள். கழுத்து, வாலடி, தொடையின் உள்பக்கம் என்று தோலை ஒட்டிச் சீவி, ஒவ்வொரு முறையும் சீப்பை அதில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்பு இருந்தால் மூழ்கும். நகத்தால் நசுக்க வேண்டாம். தினமும் பத்து நிமிடம் போதும். குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை கட்டுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் காதுக்கும் முகத்துக்கும் ஏறிவிடும். வேப்பிலை கொதித்து ஆறிய நீரைக் கடைசியாக ஊற்றலாம், தப்பில்லை; ஆனால் அது தெள்ளைக் கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் நான்கே நாளில் திரும்பி வந்துவிட்டது என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை உதிர்ந்து பாய், சாக்கு, சோபா இடுக்கு, தரை வெடிப்பு எல்லாவற்றிலும் கிடக்கும். புழுவாகி, கூடு கட்டி, அதற்குள் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். காலடி அதிர்வும் உடல் சூடும் பட்டால் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் தாவுவது இதனால்தான். அதனால் நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, சுள்ளென்ற வெயிலில் காய வையுங்கள். தினமும் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்றுங்கள். இரண்டு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சீவுங்கள்.

அப்புறம், மருந்தைப் பற்றிப் பயம் வேண்டாம். தெள்ளு நிறைய இருந்தால் சீப்பு மட்டும் ஈடுகொடுக்காது. எடைக்கேற்றபடி தோலில் விடும் சொட்டு மருந்தோ மாத்திரையோ கால்நடை மருத்துவர் தருவார். ஆசனவாயில் அரிசி போன்ற துணுக்குகள் தெரிந்தால் தெள்ளு வழியாக நாடாப்புழு வந்திருக்கிறது, அதற்குத் தனி மருந்து. ஈறு வெளுத்திருந்தாலோ, குட்டி சோர்ந்து படுத்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடும்.